ஊதுலைப் படிகளில் துணைக்கு வந்த பெரியவருக்கு நன்றி

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில், 1985-இல் மூடிய இரும்பாலையை இடிக்காமல் 1994-இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். கட்டணம் கிடையாது. தண்டவாளங்களுக்கு நடுவே பிர்ச் மரங்கள் தாமாக முளைத்து நிற்கின்றன. போன ஞாயிறு அங்கே, ஒரு காலத்தில் இரும்புத் தாதை உருக்கிய 5-ஆம் எண் ஊதுலையின் மேல் ஏறினேன்.

படியெல்லாம் இரும்புச் சட்டம். இடைவெளியில் தரை தெரிகிறது. பாதி உயரத்தில் கால் நடுங்கிக் கைப்பிடியை விட முடியாமல் நின்றுவிட்டேன். பின்னால் வந்த நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் போய், உங்கள் முதுகுப்பையின் வாரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினீர்கள். நாலு படிக்கு ஒருமுறை நின்றீர்கள். உச்சியில், தூரத்தில் இன்னும் புகைவிடும் ஆலைகளைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் கீழே, உருகிய இரும்பு ஓடிய வாய்க்காலைக் காட்டினீர்கள். அதன் ஓரத்தை நீங்கள் உள்ளங்கையால் தடவிய விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. தாது கொட்டிவைத்த காங்கிரீட் தொட்டிகள் கோட்டை மதில் மாதிரிதான் இருக்கின்றன. அந்தச் சுவர்களில் இப்போது மலையேற்றம் பழகுகிறார்கள். எரிவாயுத் தொட்டியில் நீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். நீங்கள் கூட்டிப் போகாவிட்டால் இதையெல்லாம் தவறவிட்டிருப்பேன்.

903 டிராம் வந்துவிட்ட அவசரத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி, ஐயா.