கல்லூரி மேடைகளின் லீட் கிட்டாரிஸ்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

கல்லூரிக் கலைவிழாக்களில் உங்கள் வாசிப்பைக் கேட்க ஆசையோடு வருகிறவன் நான். உங்கள் விரல் வேகத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பல்லவியைக் கூடவே பாடிக்கொண்டிருந்த கூட்டம், சோலோ தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பித்துவிடுகிறது. நீங்கள் குனிந்து ஃப்ரெட்போர்டையே பார்ப்பதால் இது உங்கள் கண்ணில் படுவதில்லை. வீட்டுக்குப் போகும்போது பாட்டை முணுமுணுக்கிறார்கள், சோலோவை யாரும் முணுமுணுப்பதில்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். வாயால் பாட முடிந்ததை மேடையில் வாசியுங்கள். ஒத்திகையில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, பேக்கிங் டிராக்கை ஓடவிட்டுப் பாடிப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் தானாகவே ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியில்தான் முந்தைய வரி கேட்பவர் மனதில் உட்காரும். அப்புறம் அதே வரியை, முடிவை மட்டும் மாற்றித் திரும்ப வாசியுங்கள். சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் தோடியை எடுத்தால், முதல் பிடியிலேயே ராகம் இன்னதென்று ரசிகருக்குத் தெரிந்துவிடும். பிருகாக்கள் எனும் வேகமான ஸ்வரக் கோவைகள் பொழிவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மெட்டல் வாசிப்பவர்கள் இது நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். அயர்ன் மெய்டன் குழுவின் ‘ஃபியர் ஆஃப் தி டார்க்’ 1992இல் வந்த பாட்டு. 2001இல் ரியோவில் பதிவான நேரடி ஒலிப்பதிவைக் கேளுங்கள். வார்த்தையே இல்லாத கிட்டார் மெட்டை அத்தனை பெரிய கூட்டமும் சேர்ந்து பாடுகிறது. பாடக்கூடிய மெட்டாக இருப்பதால்தான் அது நடக்கிறது.

திறந்தவெளி மேடையில் வேகத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 120 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில், ஓர் அடிக்கு நான்கு ஸ்வரம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 0.125 விநாடி. எதிரே 35 மீட்டரில் கல்லூரிக் கட்டடம் இருந்தால், அதில் மோதிய ஒலி முன்வரிசைக்குத் திரும்பிவர ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். அதற்குள் நீங்கள் அடுத்த ஸ்வரத்துக்குப் போயிருப்பீர்கள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். நீட்டிப் பிடித்த ஒரே பெண்ட் (கம்பியை வளைத்து ஸ்வரத்தை ஏற்றுவது), சுருதி சுத்தமாக மேலே போய் நின்று, அப்புறம் மெல்ல வைப்ரேட்டோ எனும் அசைவை எடுத்தால், கடைசி வரிசைக்கும் தெளிவாகப் போய்ச் சேரும்.

டோனையும் கொஞ்சம் கவனியுங்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது மிட்டை (நடு அலைவரிசை ஒலியை) குறைத்தால் இனிமையாகத்தான் இருக்கும். மேடையில் பேஸும் டிரம்ஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். மிட்டை ஏற்றுங்கள், டிஸ்டார்ஷனைக் குறையுங்கள். ஒலியைக் கூட்டும் பூஸ்ட் பெடலை, கரகரப்பு தரும் ஓவர்டிரைவ் பெடலுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் சத்தம் அதிகம் ஏறாது, கரகரப்புதான் கூடும்.

முடிவைத் தயவுசெய்து தற்செயலுக்கு விடாதீர்கள். பல சோலோக்கள் பாடகர் மைக்கை எடுத்ததும் பாதியில் அறுந்துபோகின்றன. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் முடிவுக் கோர்வையை (முடிவுக்கென்று கட்டிய தாளச் சொற்கட்டை) மூன்று முறை வாசித்து முடிக்கும்போது, இரண்டாவது முறையிலேயே சபை அந்த முடிவுக்குத் தயாராகிவிடும். நீங்களும் ஒரு சின்னச் சொற்கட்டை மூன்று முறை வைத்து முடித்துப் பாருங்கள். டிரம்மரிடம் ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள், மூன்றாவது முறை அவரும் உங்களோடு சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், இறங்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்