மூளைக்குச் செல்லும் காயிலுக்கும் விலை வரம்பு வேண்டும்

தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். மூளை ரத்தக்குழாயில் குமிழிபோல் புடைக்கும் அனியூரிசத்தை, மண்டை ஓட்டைத் திறக்காமல், தொடைத் தமனி வழியே நுண்குழாய் செலுத்தி, காயில் எனும் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளால் அடைக்கும் கேத் லேப் ஒன்றில் செவிலியராகப் பணிபுரிகிறேன்.

வெடித்த அனியூரிசத்துக்கு இரண்டு சிகிச்சைகளும் பொருந்தக்கூடிய நோயாளிகளிடையே, மண்டை ஓட்டைத் திறந்து குமிழியின் கழுத்தில் கிளிப் போடும் அறுவையைவிட பிளாட்டினக் காயில் முறையில் ஓராண்டுக்குப் பின் இறப்பும் முடக்கமும் குறைவு என்பதை, 2,143 பேரைக் கொண்ட ஐசாட் ஆய்வு 2002இலேயே காட்டிவிட்டது. எனவே இதை வசதியுள்ளவர்களின் சிகிச்சை என்று ஒதுக்க முடியாது.

முதல் காயில் குமிழிக்குள் கூடுபோல் படிந்ததும், உள்ளே ரத்தம் புகாத அளவுக்கு அடுத்தடுத்த காயில்களை நிரப்புகிறார்கள். எத்தனை தேவைப்படும் என்பது நோயாளி மேசையில் இருக்கும்போதுதான் உறுதியாகத் தெரியும். ஒவ்வொரு பெட்டியைப் பிரிக்கும்போதும் அதன் ஸ்டிக்கரை கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறோம். வெளியே காத்திருப்பவர்களின் பில்லும் கூடவே ஏறுகிறது. வெடித்த குமிழி மறுபடி கசியும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம் என்பதால், நாலு இடம் விசாரித்துப் பார்க்க அவர்களுக்கு அவகாசமே கிடையாது.

இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு விதித்த ஆணையம், அதன் விலையையும் பிராண்டையும் பேட்ச் எண்ணையும் பில்லில் தனியே காட்டச் சொன்னது. காயிலுக்கோ, ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் விலையை ஏற்றக்கூடாது என்ற பொதுவிதி மட்டுமே உண்டு. தொடக்க விலையே எட்டாத உயரத்தில் இருக்கும்போது அந்த விதியால் யாருக்கு என்ன பயன்?

ஒரே உச்சவரம்பை நான் கேட்கவில்லை. காயிலின் நீளமும் சுற்றளவும் மென்மையும் வெவ்வேறு. தவிர, ஸ்டென்டுக்கு வரம்பு வந்தபோது சில நிறுவனங்கள் தங்கள் உயர்வகைகளைத் திரும்பப் பெற முனைந்ததையும் மறப்பதற்கில்லை. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கு 2021 ஜூனில் வணிக லாபத்தை, அதாவது விநியோகஸ்தருக்குக் கொடுக்கும் விலைக்கும் எம்.ஆர்.பி.க்கும் உள்ள இடைவெளியை, 70 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியதைப் போன்ற ஏற்பாடே இதற்குப் பொருந்தும்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் ரத்த ஓட்டத்தைக் குமிழிக்குள் போகாமல் திருப்பிவிடும் வலைக்குழாயான ஃப்ளோ டைவர்ட்டரை உள்நாட்டிலேயே உருவாக்கியது பெருமைக்குரியதுதான். ஆனால் அக்கருவியைப் பொருத்தினால் ரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரினுடன் இன்னொரு மாத்திரையும் கொடுக்க வேண்டியிருப்பதால், வெடித்த குமிழிக்கு அது எளிதில் முதல் தேர்வாகாது. காயிலின் தேவை நீடிக்கவே செய்யும்.

ஆகவே காயில், ஃப்ளோ டைவர்ட்டர், நுண்குழாய் ஆகியவற்றின் வணிக லாபத்துக்கு வரம்பு விதிக்குமாறும், கேஸ் ஷீட்டில் ஒட்டும் ஸ்டிக்கர்களின் நகலை பில்லுடன் குடும்பத்தாரிடம் கொடுப்பதைக் கட்டாயமாக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கேத் லேப் செவிலியர் ஒருவர்