டிக்கெட் கொடுக்காத நடத்துநரின் நன்றி

அன்புடையீர்,

'இசைக்குழு நடத்துநர்' என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டால், "எந்த பஸ்ஸில்?" என்று யாராவது கேட்காமல் விடுவதில்லை. பஸ் நடத்துநராவது விசில் ஊதுவார். என் கைக்குச்சியிலிருந்து ஒரு சத்தமும் வராது. அன்று கச்சேரியில் நானே பியானோ வாசித்துக்கொண்டு குழுவையும் நடத்தினேன். அரங்கில் கேட்ட நாதத்தில் பியானோவைத் தவிர மற்றதெல்லாம் உங்களுடையது. குனிந்து கைதட்டலை வாங்கிக்கொண்டவர் மட்டும் நான். தீர்க்க முடியாத கடன்தான் என்றாலும் கணக்காவது எழுதிவைக்க வேண்டாமா?

கணக்கின் முதல் வரி, வாசிக்கும் இசைத்தாள்களைப் பார்த்துக்கொள்ளும் இசைக்குழு நூலகருக்கு. மொட்சார்ட்டின் 20ஆவது பியானோ கான்செர்ட்டோவுக்கு, அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புக்கு, முதல் ஒத்திகை. எல்லா வாத்தியங்களின் பகுதியும் சேர்ந்திருக்கும் என் ஸ்கோரில் ஒவ்வொரு பாருக்கும் (தாளக் கட்டத்துக்கும்) எண் இருந்தது. வாத்தியக்காரர்களின் தாள்களில் எண்ணே இல்லை. அங்கங்கே எழுத்துகள் மட்டும். "நூற்றுப் பதினைந்திலிருந்து" என்று நான் சொல்ல, எல்லோரும் விரல் விட்டு எண்ண, அரை மணி நேரம் வீணானது. பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்காதது முழுக்க என் தவறு. மறுநாள் காலை வந்து பார்த்தால் புல்லாங்குழல் முதல் டிம்பனி முரசு வரை பத்துத் தாள்களிலும், தந்தி வாத்தியங்களின் எல்லாத் தாள்களிலும், வரிக்கு வரி பென்சிலில் குட்டி குட்டியாக எண்கள். அவருடைய வலது கையின் ஓரம் முழுக்கக் கரி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடைவேளையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

1785 பிப்ரவரி 11 அன்று இதே கான்செர்ட்டோ வியன்னாவில் அரங்கேறியபோதும் தாள் தகராறுதான். பிரதி எடுப்பவர் அன்றுகூட எழுதிக்கொண்டிருந்தார் என்றும், அதைச் சரிபார்ப்பதிலேயே மகனுக்கு நேரம் போய்விட்டதால் கடைசிப் பகுதியை ஒருமுறைகூட வாசித்துப் பார்க்க முடியவில்லை என்றும் மொட்சார்ட்டின் தந்தை மகளுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பிரதியாளருக்கு யாராவது நன்றி சொன்னார்களா, தெரியவில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

பியானோ ஆசிரியருக்கு எழுத வேண்டியது ஏராளம். அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது. ஒரு போட்டியில் நடுவர் ஒருவர், "பியானோவா, குச்சியா, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்" என்று சொன்னபோது நான் சோர்ந்துதான் போனேன். ஆசிரியர் வாதாடவில்லை. இரண்டாவது பியானோவில் உட்கார்ந்து, இசைக்குழுவின் பகுதி முழுவதையும் தாமே வாசிக்கத் தொடங்கினார். "எனக்குக் கை காட்டிக்கொண்டே உன் பகுதியை வாசி." பல மாதங்கள் அப்படியே போயின. நான் தாளம் தவறினால் அவரும் வேண்டுமென்றே என்னோடு சேர்ந்து தவறுவார். அதைவிடக் கடுமையான திட்டு இல்லை.

பியானோவுக்குச் சுருதி சேர்த்தவருக்கு: மூடியைக் கழற்றி, நான் குழுவைப் பார்த்து உட்கார வசதியாகக் கருவியைத் திருப்பி வைத்துத் தந்தீர்கள். பியானோ இருக்கும் மேடையில், குழுவுக்குச் சுருதி கொடுக்கும் ஓபோ என்ற ஊதுவாத்தியமே அதனிடம்தான் சுருதி கேட்கும். அன்று எல்லோரும் நின்றது உங்கள் சுருதியில்.

கடைசியாக, வயலின்களுக்குத் தலைமை தாங்கும் முதல் வயலின் அம்மாவுக்கு. தொடக்கத்தில் 76 பார்களுக்குப் பியானோ வாய் திறக்காது. குழுவுக்குக் கை காட்ட என் இரண்டு கையும் சும்மாதான் இருக்கும். சிக்கல் பிறகுதான். முதல் பகுதியின் முடிவில் பியானோ தனித்து வாசிக்கும் கடென்சா வரும். மொட்சார்ட் எழுதிய கடென்சா எதுவும் இதற்குக் கிடைக்கவில்லை. நான் வாசித்தது பீத்தோவன் எழுதியது. அது முடிகிற கணத்தில் குழு முழுவதும் ஒன்றாக நுழைய வேண்டும், என் இரண்டு கைகளும் கட்டைகளில் சிக்கியிருக்கும். ஒத்திகையில் தலையை ஆட்டிப் பார்த்தேன். பாதிப் பேர் முந்தினார்கள். கச்சேரியில் நிமிர்ந்து பார்த்தபோது உங்கள் வில் தந்திக்கு ஓர் அங்குலம் மேலே காத்துக்கொண்டிருந்தது. நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, என் வலது தோளைப் பார்த்தீர்கள். அது இறங்கியதும் வில்லும் இறங்கியது, பின்னால் அத்தனை வில்களும். அந்த நுழைவை நடத்தியது நான் அல்ல என்று இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

நூலகர் ஐயா, அவை வாடகைத் தாள்கள். பென்சில் குறிகளை அழித்துவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை காலை வருகிறேன். ரப்பர் நான் கொண்டுவருகிறேன், நீங்கள் உட்கார்ந்திருங்கள்.

என்றும் கடப்பாடுடன்,
உங்கள் நடத்துநர்