நரை வயதால் வரும், வழுக்கை அப்படி வராது

ஆசிரியருக்கு வணக்கம்.

நாய் வளர்ப்பு பற்றி நாளிதழ்களில் வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை குட்டிகளுக்கானவை. பத்து வயதைத் தாண்டிய நாயின் முடியைப் பற்றி அநேகமாக எதுவும் வருவதில்லை. முடி கொட்டினாலும், மங்கினாலும், நாற்றம் அடித்தாலும் “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படும் நோய்கள் மாதக்கணக்கில் மறைந்து கிடப்பதற்கு இந்தப் பேச்சுதான் காரணம். வயதால் வருவது எது, நோயால் வருவது எது என்று பிரித்துச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

சந்தேகமில்லாமல் வயதோடு வருவது நரை. முடியின் வேர்ப்பைக்குள் இருக்கும் மெலனோசைட் செல்கள்தான் நிறமியைத் தயாரித்து, வளரும் முடிக்குள் செலுத்துகின்றன. அந்த செல்களைப் புதுப்பிக்கும் மூலச்செல்கள் குறைந்ததும், பழைய முடி உதிர்ந்த இடத்தில் அடுத்த முடி நிறமில்லாமல் முளைக்கிறது. முதலில் முகவாயிலும் புருவத்திலும் கண்ணைச் சுற்றியும் தெரியும். பிறகு மார்புக்கும் பாதங்களுக்கும் பரவும். ஆனால் நரையை மட்டும் பார்த்து வயதைக் கணிக்கக் கூடாது. 1 முதல் 4 வயதுக்குட்பட்ட 400 நாய்களை வைத்துச் செய்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பதற்றமும் பயமும் அதிகமுள்ள நாய்களுக்கு முகவாய் நரை கூடுதலாக இருந்தது. கெர்ரி ப்ளூ டெரியர் போன்ற இனங்களோ கறுப்பாகப் பிறந்து, மரபணுவின் காரணமாக இரண்டு வயதுக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். முகம் வெளுத்திருக்கிறது என்பதற்காகத் தத்தெடுக்க வருபவர்கள் ஒரு நாயை ஒதுக்குவது நியாயமில்லை. பல்லையும் கண் லென்ஸையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்கட்டும்.

முடி சற்று முரடாவதும், பளபளப்பு குறைவதும், வெட்டிய இடத்தில் மெதுவாக வளர்வதும் வயதோடு வருபவைதான். கருத்தடை அறுவை செய்த காக்கர் ஸ்பானியல், செட்டர், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்குப் பட்டுப்போல் இருந்த முடி கம்பளிபோல் அடர்ந்து சுருளலாம். இது நோயல்ல. ஆனால் சிக்கு அதிகம் விழும், அதனால் சீவும் வேலை கூடும்.

இனி நோய். உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அரிப்பில்லாமல் முடி மெலிந்தால் முதலில் ஹார்மோனைச் சந்தேகிக்க வேண்டும். தைராய்டு குறைவு பெரும்பாலும் நடுவயதில் தொடங்கும். சாப்பாடு கூடாமலே எடை ஏறும், நாய் எப்போதும் சோம்பிக் கிடக்கும், கதகதப்பான இடம் தேடும், வால் முடி உதிர்ந்து எலி வால்போல் ஆகும். ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு குறைவாக இருப்பதை மட்டும் வைத்து மருந்து தொடங்குவது தவறு. வேறு நோய் இருந்தாலும், வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டால் அல்லது ஸ்டீராய்டு கொடுத்தாலும் டி4 குறையும். ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் ஃப்ரீ டி4, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நோய் உறுதியானால் லீவோதைராக்சின் மாத்திரையை வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். ஓரிரு வாரத்தில் சுறுசுறுப்பு திரும்பும், முடி வளர மூன்று நான்கு மாதமாவது ஆகும். நடுவில் ஒரு கட்டத்தில் உதிர்வு கூடலாம். வேர்ப்பைகள் விழித்து, பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதிதை வளர்ப்பதுதான் அதற்குக் காரணம். பலர் அந்த நேரத்தில் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது.

குஷிங் நோய் இதைவிட அதிகமாக முதுமையின் வேடம் போடும். கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்து, வயிறு தொங்கும், தோல் தாள்போல் மெலியும், மூச்சிரைக்கும், உடம்பு முடி போய்த் தலையிலும் காலிலும் மட்டும் மிஞ்சும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காலையில் அளந்து தண்ணீர் வையுங்கள், 24 மணி நேரம் கழித்து மீதியை அளந்து கழியுங்கள். மூன்று நாள் இப்படிக் கணக்கெடுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 100 மில்லி லிட்டரைத் தாண்டினால், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், அது கட்டாயம் பரிசோதிக்க வேண்டிய அளவு. சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறும்கூட இப்படித் தாகம் எடுக்க வைக்கும் என்பதால் ரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்ப்பார்கள். அரிப்புக்காகத் திரும்பத் திரும்பப் போட்ட ஸ்டீராய்டு ஊசியாலும் இதே தோற்றம் வரும். அப்போதும் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அரிப்போடு முடி போனால் கதை வேறு. ஒவ்வாமை பெரும்பாலும் மூன்று வயதுக்குள் தலைகாட்டிவிடும். பத்து வயதில் முதன்முறையாக ஒரு நாய் சொறியத் தொடங்கினால் சிரங்குப் பூச்சி, தெள்ளுப்பூச்சி, பாக்டீரியா அல்லது ஈஸ்ட் தொற்று, அபூர்வமாகத் தோல் புற்றுநோய் ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். வாலின் அடியில் முடி குறைந்திருந்தால் அங்கே சீவி விழும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் தாளில் தேயுங்கள். செந்நிறமாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. வயதான நாய்க்குப் புதிதாக, டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியால் சொறி வந்தால் பூச்சிக்கு மட்டும் மருந்து போட்டு அனுப்பிவிடக் கூடாது. எதிர்ப்பு சக்தியைக் குலைத்த இன்னொரு நோய் உள்ளே இருக்கலாம்.

முழங்கையில் முடி போய்த் தோல் தடித்துச் சாம்பல் நிறமாவது மட்டும் விதிவிலக்கு. கட்டாந்தரையில் படுத்துப் படுத்து வருவது அது. தடிமனான மெத்தை போட்டாலே மேலும் முற்றாது. அதில் வெடிப்போ கசிவோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீவுவதில் தவறுகள் அதிகம் நடக்கின்றன. மூட்டு வலியால் முதிய நாய் முதுகையும் பின்னங்காலையும் நக்கிச் சுத்தம் செய்ய முடியாது. ஆகவே காதுக்குப் பின்னால், அக்குளில், தொடையின் பின்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில் சிக்கு சேரும். சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினால் அது இறுகிக் கட்டியாகிவிடும். வேர்ப்பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு, தோல் இழுபடாமல் நுனியிலிருந்து உலோகச் சீப்பால் பிரிக்க வேண்டும். கத்தரிக்கோலை உள்ளே விடவே விடாதீர்கள். மெலிந்த தோல் சிக்கோடு சேர்ந்து மேலே எழும்பியிருக்கும், முடி என்று நினைத்துத் தோலையே வெட்டிவிடுவோம். பிரியாத சிக்கைக் கிளிப்பரால் எடுப்பதே பாதுகாப்பு. அப்போதும் பிளேடு சூடாகிறதா என்று சில நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். நிற்க வைத்து ஒரு மணி நேரம் சீவுவதைவிட, ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பத்து நிமிடம் தினமும் சீவுவது நல்லது. இடுப்பில் சீப்பு பட்டதும் உறுமினால் அது முரட்டுத்தனமல்ல, வலி.

அடிமுடி அடர்ந்த ஹஸ்கி, பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்றவற்றைக் குளிர்ச்சிக்காக ஒட்ட மழிப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இவற்றின் வேர்ப்பைகள் பெரும்பகுதி நேரம் ஓய்வில் இருப்பவை. மழித்த இடம் ஒரு வருடத்துக்கு மேலும் வெறுமையாகக் கிடக்கலாம், வளர்ந்தாலும் வேறு தன்மையோடு வரலாம், வெயில் நேராகத் தோலைச் சுடும். உதிர்ந்த அடிமுடியைச் சீவி எடுத்தாலே காற்றோட்டம் கிடைத்துவிடும்.

குளிப்பாட்டும்போது வழுக்காத பாய் விரியுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. நாயின் தோல் மனிதத் தோலைவிட அமிலத்தன்மை குறைந்தது, அதனால் நம் ஷாம்பு வேண்டாம். மருந்து ஷாம்பு என்றால் நுரையோடு பத்து நிமிடம் விட வேண்டும், உடனே அலசினால் பலன் இல்லை. அடிமுடி வரை காயவில்லையென்றால் ஓரிரு நாளில் ஈரப்புண் வந்துவிடும். டிரையரைக் குளிர்ந்த காற்றில் வையுங்கள்.

மனிதருக்கான முடி வளர்ச்சித் திரவங்களைத் தடவுவது உயிருக்கே ஆபத்து. அவற்றில் உள்ள மினாக்சிடிலை நாய் நக்கினால் ரத்த அழுத்தம் சரிந்து இதயம் பாதிக்கப்படும். டீ ட்ரீ எண்ணெயும் நஞ்சு. நரைக்கு மனிதரின் சாயம் பூசுவதும் வேண்டாம்.

உணவில், வயதாகிவிட்டது என்பதற்காக மட்டும் புரதத்தைக் குறைக்காதீர்கள். முடி ஏறக்குறைய முழுவதுமே புரதம். ஒமேகா 3 மீன் எண்ணெய் கொடுத்தால் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். மீன் ஈரல் எண்ணெய் வேறு, அதில் வைட்டமின் ஏ, டி அளவு மீறிவிடும்.

மருத்துவரிடம் தோலைக் காட்டப் போகும்போது, அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் குளிப்பாட்டாதீர்கள். செதில், எண்ணெய்ப் பசை, பூச்சிக் கழிவு எல்லாம் கழுவிப்போனால் அவருக்குச் சுரண்டி எடுக்க ஒன்றும் இருக்காது. ஒரே இடத்தை ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒருமுறை எடுத்த படங்கள், கொடுக்கும் மருந்துகளின் பட்டியல், மூன்று நாள் தண்ணீர்க் கணக்கு ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
நாய்களின் தோல், முடி பராமரிப்புத் தொழிலில் இருக்கும் வாசகர்