அடிக்கட்டைக்குத் தீ வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாதவரம், மணலி, கொடுங்கையூர் பகுதிகளில் காலி மனைகளைச் சுத்தம் செய்வோர், மரத்தின் அடிக்கட்டையில் பழைய டயரைப் போட்டு எரிப்பது வழக்கமாகி வருகிறது. ஏற்கெனவே தொழிற்சாலைப் புகையில் மூச்சுத் திணறும் பகுதி இது. மேலும், பக்கவேர்களில் பிடித்த நெருப்பு வெளியே தெரியாமல் மண்ணுக்குள் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும் என்பதால், குழந்தைகள் நடமாடும் இடங்களில் இது பேராபத்து.

கட்டையைச் சுற்றிக் குழி தோண்டி, பக்கவேர்களைக் கோடரியால் ஒவ்வொன்றாகத் துண்டித்து, பிறகு கடப்பாறையால் நெம்பி எடுப்பதே நல்லது. சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுத்தே ஆக வேண்டும். பொக்லைன் வைப்பதானால், மின்கேபிளும் குடிநீர்க் குழாயும் செல்லும் இடத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது அவசியம். பழைய அஸ்திவாரத்தின் பெரிய கருங்கற்களை, வரிசையாகத் துளையிட்டு இரும்பு ஆப்பு அடித்தால் வெடி வைக்காமலே பிளக்கலாம்.

குழியை அப்படியே விட்டுவிடுவதுதான் எனக்குப் பெருங்கவலை. வடகிழக்குப் பருவமழையில் நீர் நிரம்பிவிட்டால் அதன் ஆழம் யாருக்கும் தெரியாது. அன்றைக்கே அடுக்கடுக்காக மண் கொட்டி, தண்ணீர் விட்டு, மண்ணை இறுக்கும் திமிசால் இடித்து மூட வேண்டும்.

நியாயமான கட்டணத்தில் அடிக்கட்டைகளை அகற்றித்தரும் வசதியை ஒவ்வொரு வார்டிலும் மாநகராட்சி ஏற்படுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொடுங்கையூர், சென்னை