கோளாறு என்றால் என்ன கோளாறு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கிச் செயலி முடங்கினாலும், விமானங்கள் புறப்படாமல் நின்றாலும், இணையதளம் ஒன்று நாள் முழுக்கத் திறக்காமல் போனாலும் நாளிதழ்களில் அச்சாகும் காரணம் ஒன்றுதான்: ‘தொழில்நுட்பக் கோளாறு’. தங்கள் நாளிதழும் இதற்கு விலக்கில்லை. தீ விபத்து என்றால் மின்கசிவா, எரிவாயுக் கசிவா என்று கேட்டு எழுதுகிற நிருபர்கள், மென்பொருள் என்று வந்ததும் நிறுவனம் தரும் அந்த ஒற்றை வரியை அப்படியே வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். மென்பொருள் பொறியியல் என்ற துறை வளர்ந்ததே அந்த ஒற்றை வரியோடு திருப்தி அடையாதவர்களால்தான். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

அந்தப் பெயர் பரவியது 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோவின் அறிவியல் குழு நடத்திய மாநாட்டுக்குப் பிறகு. பாலம் கட்டுகிறவர் எடை தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுக் கட்டுகிறார். நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) எழுதுகிறவர் எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்? இப்படிச் சீண்டுவதற்காகவே ‘பொறியியல்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். பெரிய திட்டங்கள் காலக்கெடுவைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஐபிஎம்மின் ஓஎஸ்/360 இயங்குதளப் பணிக்குத் தலைமை வகித்த ஃபிரெட் புரூக்ஸ், அந்த அனுபவத்தை வைத்து 1975இல் எழுதிய விதி இன்றும் நிற்கிறது: தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். 5 பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேசி ஒத்துப்போக வேண்டிய இணைகள் 10. 10 பேர் ஆனால் 45. புதியவருக்குச் சொல்லித்தர வேண்டியவரும் ஏற்கெனவே வேலையில் மூழ்கிக் கிடப்பவர்தான்.

கார்மிஷ் மாநாடு நடந்த அதே 1968இன் மார்ச்சில் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, நிரலுக்குள் கண்ட இடத்துக்குத் தாவ உதவும் ‘கோ-டு’ கட்டளையை எதிர்த்து ஒரு கணினி இதழில் எழுதினார். (அது வெளிவந்தது ‘ஆசிரியருக்குக் கடிதம்’ பகுதியில். தலைப்பை மாற்றி வைத்தவரும் இதழாசிரியர் நிக்லாஸ் விர்த்தான். வாசகர் கடிதங்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்!) அவர் வாதம் எளிது. எங்கிருந்து வேண்டுமானாலும் தாவி வரலாம் என்றால், ஒரு வரியை வாசிப்பவருக்கு எந்த வழியாக அங்கு வந்தோம் என்பது தெரியாது. வழி தெரியாவிட்டால், அந்த இடத்தில் எந்த மாறிக்கு (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயருக்கு) என்ன மதிப்பு என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

1972இல் கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் இன்னொன்று சொன்னார்: நிரலைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும்போது வேலை நடக்கும் வரிசைப்படி பிரிக்காதீர்கள், பின்னால் மாறக்கூடிய முடிவுகள் எவை என்று பார்த்து, ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வையுங்கள். இதன் அருமை 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது புரிந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் சேமிப்பது என்ற ஒரே முடிவு, கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரல்களில் மூலைமுடுக்கெல்லாம் சிதறிக் கிடந்தது. ஓரிடத்தைத் திருத்தச் சில நிமிடம் போதும். இடங்களைத் தேடிப் பிடிப்பதில்தான் பணம் கரைந்தது.

‘கோளாறு’ என்ற சொல் எதை மறைக்கும் என்பதற்கு 1985 முதல் 1987 வரை நடந்ததைவிடக் கொடிய சான்று இல்லை. தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது, உயிர்களும் போயின. அவற்றில் இரண்டு விபத்துகளின்போது திரையில் தெரிந்தது ‘மால்ஃபங்ஷன் 54’, அதாவது ‘கோளாறு 54’. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று இயக்குபவரின் கையேடு விளக்கவில்லை. ஒரு விசையைத் தட்டினால் சிகிச்சை தொடரும், அவ்வளவுதான். உள்ளே நடந்தது இது. இயக்குபவர் எக்ஸ்-கதிர் என்று தவறாக உள்ளிட்டு, உடனே மேலே போய் எலக்ட்ரான் என்று திருத்துகிறார். காந்தங்கள் தம் நிலைக்கு வரச் சுமார் 8 விநாடி ஆகும். அதற்குள் திருத்தி முடித்துவிட்டால், மென்பொருளின் ஒரு பகுதி திருத்தத்தைக் கண்டுகொள்ளும், இன்னொரு பகுதி காணாது. மெதுவாகத் தட்டச்சு செய்கிறவரிடம் தலைகாட்டாத பிழை, கை பழகியவரிடம் வெளிப்பட்டது. முதலில் சோதித்தவர்களால் அதை மீண்டும் நிகழ்த்திப் பார்க்க முடியாமல் போனதும் இதனால்தான்.

இதே பிழை முந்தைய மாடலான தெராக்-20இலும் இருந்தது. அதில் வன்பொருள் பூட்டுகள் தனியாக இருந்ததால், ஃபியூஸ் போனதோடு சரி. புதிய மாடலில் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பினார்கள். இரண்டாவது பிழை இன்னும் சிறியது. ஒரு பரிசோதனை தேவை என்று குறிக்கும் மாறியில் ஏதாவது ஒரு நிலையான எண்ணை வைப்பதற்குப் பதில், சுற்றுக்குச் சுற்று 1 கூட்டிக்கொண்டே போனார்கள். அது ஒரே பைட், 255 வரைதான் அதில் அடங்கும். 256ஆவது சுற்றில் பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் என்றால் பரிசோதனை வேண்டாம் என்று பொருள்!

ஓடிக்கொண்டிருந்த நிரலை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதை 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் காட்டியது. ஏரியன் 4இல் குறையில்லாமல் ஓடிய திசையறியும் நிரலை அப்படியே எடுத்து வைத்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் அதிகம். அதோடு தொடர்புடைய 64 பிட் எண்ணை 16 பிட்டில் திணித்தபோது இடம் போதவில்லை. புறப்பட்டு சுமார் 30 விநாடியில் நிரல் நின்றது. மாற்றாக வைத்திருந்த கணினி? அது ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்பே அதே காரணத்தால் நின்றிருந்தது. ஒரே நிரல் ஓடும் இரண்டு பெட்டிகளை மாற்று ஏற்பாடு என்று சொல்ல முடியாது. நின்றுபோன கணினி அனுப்பிய பிழைக் குறிப்புகளைப் பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்டு ராக்கெட் திசை திரும்பி உடைந்தது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்டபின் ஏரியன் 5க்குத் தேவையே இல்லை.

என்ன மாறியது, எப்போது மாறியது என்பதைப் பதிந்து வைக்கும் கருவிகளும் இதற்கிடையே வளர்ந்தன: 1972இல் பெல் ஆய்வகத்தின் எஸ்சிசிஎஸ், 80களில் ஆர்சிஎஸ், பிறகு சிவிஎஸ், 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட். 1,000 மாற்றங்களில் எது கெடுத்தது என்று தெரியவில்லையா? நடுவில் உள்ளதை எடுத்துச் சோதிக்க வேண்டும். நன்றாக இருந்தால் குற்றவாளி பின்பாதியில், இல்லாவிட்டால் முன்பாதியில். பத்தே சோதனையில் பிடிபடும். ஆனால் மாற்றங்கள் சிறியவையாக இருந்தால்தான் இதற்குப் பயன். மூன்று மாத வேலையை ஒரே மாற்றமாகக் கொட்டியிருந்தால், பிடிபட்டதற்குள்ளேயே 20,000 வரி கிடக்கும்.

ஒரு கட்டம் முழுதும் முடிந்தபின் அடுத்தது என்று இறங்கும் அருவி முறை போய், சிறு சிறு சுற்றுகளாகச் செய்யும் அஜைல் வந்தது என்று வகுப்பறையில் சொல்லப்படும் கதையைப் பற்றி ஒரு சொல். 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் அந்தப் படிக்கட்டுப் படத்தை வரைந்துவிட்டு, இதை இப்படியே பின்பற்றினால் ஆபத்து என்றும் எழுதியிருந்தார். பலர் படத்தோடு நிறுத்திக்கொண்டார்கள் போலும். 2001இல் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கையைச் சுற்றி பின்னாளில் முளைத்த சான்றிதழ்களையும் சடங்குகளையும் விட்டுவிடலாம். சிறிதாகச் செய்து சீக்கிரம் சோதிப்பது மட்டும் நிலைத்தது.

இன்றைய முடக்கங்களில் பல எழுதும்போது நேர்வதில்லை, வெளியிடும்போது நேர்கின்றன. நிருபர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கப் பங்குவணிக நிறுவனமான நைட் கேபிடல் 8 சர்வர்களில் புதிய நிரலை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏற்றினார்கள், ஒன்று விடுபட்டது. புதிய வசதியை இயக்க, பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த ஒரு பழைய வசதியை இயக்கும் குறியையே மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். எட்டாவது சர்வரில் அந்தக் குறி செத்துப்போன பழைய நிரலை எழுப்பிவிட்டது. அது பங்குகளை வாங்கித் தள்ளியது. பதற்றத்தில் ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கியபோது, அந்த ஏழிலும் பழைய நிரல் விழித்துக்கொண்டது. 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் போயிற்று. பயன்படாத நிரலை அழிக்காமல் வைத்திருந்தது, குறியை மறுபடி பயன்படுத்தியது, எட்டு சர்வரிலும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று இன்னொருவர் சரிபார்க்காதது என்று மூன்று சறுக்கல்கள்.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு பாதுகாப்புக் கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. புதிய கோப்பு 21 தரவுகளை எதிர்பார்த்தது. நிரல் கொடுத்தது 20. இல்லாத 21ஆவதைத் தேடி நினைவகத்தில் எல்லை தாண்டியது. முந்தைய சோதனைகளில் 21ஆம் இடத்தில் ‘எதுவாயினும் சரி’ என்ற குறி இருந்ததால், யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. 78 நிமிடங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் நிரல் இயங்குதளத்தின் கருவுக்குள் ஓடியதால், கணினி எழுந்திருக்கும் முன்பே விழுந்தது. ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் திறந்து கோப்பை அழிக்க வேண்டியதாயிற்று. முதலில் நூற்றில் ஒரு கணினிக்கு அனுப்பி, ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் பாதிப்பு அந்த ஒன்றோடு நின்றிருக்கும். நிரலுக்கு அப்படிப் படிப்படியாக அனுப்பும் வழக்கம் இருந்தது. இந்த வகைக் கோப்புக்கு இல்லை.

தரவுத்தள அட்டவணையில் ஒரு பத்தியின் (நெடுவரிசையின்) பெயரை மாற்றுவதுகூட ஒரே மூச்சில் செய்யும் வேலையாகாது. புதிய பதிப்பை ஏற்றும்போது சில சர்வர்களில் பழைய நிரலும் சிலவற்றில் புதியதும் ஒரே நேரத்தில் ஓடும். பெயரைச் சட்டென மாற்றினால் பழையது அந்தப் பத்தியைத் தேடி விழும். முதலில் புதிய பத்தியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இரண்டிலும் எழுதும்படி நிரலை மாற்ற வேண்டும். பழைய வரிசைகளை ஆயிரம் ஆயிரமாக நகலெடுக்க வேண்டும், ஒரேயடியாகச் செய்தால் அட்டவணை பூட்டிக்கொள்ளும். பிறகு புதியதிலிருந்து படித்து, சில நாள் கவனித்து, பழையதில் எழுதுவதை நிறுத்தி, கடைசியில் நீக்கலாம். அந்தக் கடைசிப் படி தவிர எந்தப் படியிலும் பின்வாங்க முடியும். பின்வாங்க வழியில்லாத படியை வார இறுதிக்கு முன்னால் வைப்பவர்கள்தான் செய்தியில் வருகிறார்கள்.

ஆகவே அடுத்த முறை ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று அறிக்கை வந்தால், நிருபர்கள் இவற்றைக் கேட்கலாம். முடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் என்ன மாற்றப்பட்டது: நிரலா, அமைப்புக் கோப்பா, காலாவதியான பாதுகாப்புச் சான்றிதழா? ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போனதா? முந்தைய பதிப்புக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று? முடக்கத்தை முதலில் கண்டது அவர்களுடைய எச்சரிக்கை மணியா, புகார் சொன்ன வாடிக்கையாளரா? ‘அதிகப் பேர் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள்’ என்று பதில் வந்தால், எத்தனை பேர் வரை சோதித்திருந்தீர்கள் என்று கேட்கலாம். ‘ஊழியர் செய்த தவறு’ என்றால், ஒரே ஊழியரின் ஒரே தவறு அத்தனை தூரம் போக வழி எப்படித் திறந்திருந்தது என்று கேட்கலாம்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுவதால் இனி இந்தத் துறை எதற்கு என்றும் கட்டுரைகள் வருகின்றன. ஃபோர்ட்ரான் மொழிக்கான 1954ஆம் ஆண்டு முன்வரைவே, நிரல் எழுதுவதையும் பிழை திருத்துவதையும் அது ஏறக்குறைய ஒழித்துவிடும் என்றது! எழுதுவது மலிவாகும்போதெல்லாம் சரிபார்க்க வேண்டியது பெருகுகிறது. இயந்திரம் சில சமயம் இல்லாத நிரல்தொகுப்பின் பெயரைக் கற்பனையாக எழுதும். அந்தப் பெயரில் நச்சு நிரலைப் பதிந்து வைத்துக் காத்திருக்க ஆள் உண்டு. தன் நிரலைப் பார்த்துத் தானே சோதனைகளையும் எழுதினால், நிரலின் தவறு சோதனையில் சரியான விடையாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் தேவை என்ன என்பதிலிருந்து சோதனைகளை முதலில் எழுத வேண்டும். நிரலில் ஒரு ‘கூட்டல்’ குறியை வேண்டுமென்றே ‘கழித்தல்’ ஆக்கிப் பார்க்க வேண்டும். ஒரு சோதனையும் தோற்கவில்லை என்றால் அந்தச் சோதனைகளை நம்ப முடியாது. ஒரே மாற்றத்தில் 3,000 வரி வந்தால் திருப்பி அனுப்பலாம். அதை யாரும் உண்மையில் படிப்பதில்லை.

கடைசியாக, முன்கூட்டியே ஒரு வேண்டுகோள். பல பழைய நிரல்கள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை, குறை எண்களையும் ஏற்கும் 32 பிட் எண்ணில் எண்ணி வருகின்றன. அதில் அடங்கும் பெரிய எண் 2,147,483,647. அது 2038 ஜனவரி 19 அன்று, உலகப் பொது நேரப்படி அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு நிறையும். அடுத்த விநாடி, திருத்தப்படாத கருவிகள் 1901 டிசம்பர் 13 என்று காட்டும். அன்று ஏதாவது முடங்கி, ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று அறிக்கை வந்தால், தயவுசெய்து அப்படியே அச்சிட வேண்டாம். காரணம் இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
மென்பொருள் துறையில் பணிபுரியும் வாசகர்