டவர் இல்லாத வலையில் பொய் வழி

ஆசிரியருக்கு,

புயலில் டவர் சாய்ந்தாலும் கைபேசிகளே ஒன்றுக்கொன்று செய்தி கடத்துவது பற்றிய கட்டுரை படித்தேன். 2018 கஜா புயலில் வேதாரண்யம் சொந்தங்களோடு பேச முடியாமல் தவித்த எனக்கு அதன் அருமை தெரியும். ஆனால் பாதுகாப்பு பற்றி ஒரு வரிகூட இல்லையே!

இத்தகைய வலையில் செய்தி போக வழி தேடும் விதிமுறைகளில் ஒன்று, நான் பாடம் நடத்தும் ஏஓடிவி (AODV) நெறிமுறை; அது 2003இல் வெளியானது. அதில் அனுப்பும் கருவி ‘சேருமிடத்துக்கு வழி எது?’ என்று கேட்கும்; வழி தெரிந்த எந்த இடைக்கருவியும் பதில் சொல்லலாம். அந்தப் பதில் உண்மையா என்று சரிபார்க்க ஏற்பாடு இல்லை. விஷமக் கருவி ஒன்று வழி எவ்வளவு புதியது என்று காட்டும் வரிசை எண்ணைப் பெரிதாகப் போட்டு, ‘புது வழி என்னிடம்’ என்றால் போதும். செய்திகள் அதனிடம் போய் அப்படியே மறைந்துவிடும், ஆம்புலன்ஸ் கேட்ட செய்தி உட்பட. சேருமிடத்தின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத பதிலை ஏற்காவிட்டால் இந்தப் பொய் எடுபடாது. பேட்டரி கூடுதலாகச் செலவாகும், சரி. மீட்புப் பணிக்குக் கருவி வாங்கும் அதிகாரிகள் முதலில் இதைக் கேட்கட்டும்.

– கணினித் துறைப் பேராசிரியை, தஞ்சாவூர்